பொவாடா பாடாத ஹப்ஷிகள்

மராட்டிய மேடையில் சித்தி என்றாலே வில்லன்தான். தங்கள் கதையை அந்தச் சித்திகளே பாடி ஆடிக் காட்டும் இடங்களும் இருக்கின்றன. ஆனால் அவை வெகு தொலைவில் இருக்கின்றன.

புனேயிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் சாகண் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் வெங்காய மண்டி. இன்னொரு பக்கம் மஹிந்திரா, பஜாஜ், ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் பென்ஸ் என்று வாகனத் தொழிற்சாலைகளின் பெயர்ப்பலகைகள். ஓசூரையும் ஸ்ரீபெரும்புதூரையும் பார்த்துப் பழகிய தமிழருக்கு இந்தக் காட்சியில் புதிதாக ஒன்றும் இல்லை. லாரிகளின் வரிசையைத் தாண்டி ஊருக்குள் போனால் ஒரு கோட்டை இருக்கிறது. சங்கிராம் துர்க் என்று பெயர். மலை மேல் நின்று மிரட்டுகிற மராட்டியக் கோட்டை அல்ல இது, சமதரையில் கட்டியது. மதிலில் கொஞ்சமும் அகழியில் கொஞ்சமும்தான் மிச்சம்.

மிச்சம் கொஞ்சமானாலும் இதன் கதை மகாராஷ்டிரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 1660ஆம் ஆண்டு ஔரங்கசீப்பின் மாமன் சாயிஸ்தா கான் பெரும்படையுடன் வந்து இந்தச் சின்னக் கோட்டையை வளைத்தான். உள்ளே சிவாஜியின் கில்லேதார் பிரங்கோஜி நர்சாளா, சில நூறு வீரர்களுடன். ஜூன் மாதம் தொடங்கிய முற்றுகை ஆகஸ்ட் வரை நீடித்தது. கடைசியில் மொகலாயர்கள் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்து ஒரு கொத்தளத்தைத் தகர்த்த பிறகே கோட்டை விழுந்தது. தன்னிடம் வேலைக்கு வந்துவிடும்படி சாயிஸ்தா கான் அழைத்தான். பிரங்கோஜி மறுத்துவிட்டுச் சிவாஜியிடமே திரும்பினார்.

பொவாடா பாடும் சாகிர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பொவாடா என்பது மராட்டியரின் வீரகதைப் பாட்டு. கையில் டஃப், பக்கத்தில் துந்துணே மீட்ட ஒருவர், பின்பாட்டுக்கு இரண்டு பேர். நம் ஊர் வில்லுப்பாட்டைப் போலப் பாட்டும் வசனமும் நடிப்பும் கலந்து ஓடும். சிவாஜி காலத்திலேயே தொடங்கிய மரபு இது. 1869இல் ஜோதிராவ் புலே சிவாஜியைக் குடியானவர்களின் அரசனாகக் காட்டி ஒரு பொவாடா எழுதினார். அதே சிவாஜியை 1980களின் நடுவில் பாபாசாகேப் புரந்தரே 'ஜாண்தா ராஜா' என்ற பிரம்மாண்டமான இசை நாடகமாக்கி, யானை, குதிரை, ஒட்டகங்களோடு மைதானத்தில் நிறுத்தினார். புத்தகத்தைவிடப் பாட்டையும் மேடையையும் நம்பித் தன் சரித்திரத்தை வளர்த்துக்கொண்ட மாநிலம் மகாராஷ்டிரம். அதனால், மேடையில் ஒருவருக்கு இடமில்லை என்றால் மக்கள் நினைவிலும் அவருக்கு இடமில்லை என்றே ஆகிவிடுகிறது.

அப்படி இடம் கிடைக்காதவர்கள் ஹப்ஷிகள்.

அபிசீனியாவுக்கு அரபியில் ஹபஷ் என்று பெயர். அங்கிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் மாலுமிகளாகவும் பல நூற்றாண்டுகள் இந்தியாவுக்கு வந்தவர்கள் ஹப்ஷிகள், சித்திகள் என்று அழைக்கப்பட்டார்கள். தமிழ்க் காதுக்குச் சித்தி என்றால் சின்னம்மா. ஆனால் இந்தச் சித்தி, 'என் தலைவரே' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. அடிமையாக வந்தவனுக்கு எஜமான் என்று பெயர்.

சாகணுக்கும் இவர்களுக்கும் உள்ள உறவு சிவாஜியைவிடப் பழையது, அதோடு ரத்தக்கறை படிந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், பாமினி சுல்தான் இரண்டாம் அலாவுதீன் அகமது காலத்தில், கொங்கணத்துக்குப் போன ஒரு படை காட்டில் சிக்கி அழிந்தது. தப்பியவர்கள் சாகண் கோட்டையில் ஒதுங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பாரசீகத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த பரதேசிகள். பாமினி அரசவையில் இவர்களுக்கும் தக்காணிகளுக்கும் தீராத பகை. ஹப்ஷிகள் தக்காணிகள் கட்சி. சுல்தானிடம் கோள் சொல்லி ஆணை வாங்கி வந்தவர்கள், ஒதுங்கியிருந்தவர்களுக்கு விருந்து வைத்து, விருந்திலேயே வெட்டித் தள்ளினார்கள். செத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். இதை எழுதி வைத்த ஃபெரிஷ்தாவும் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்பதால் அவருடைய கோபத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் படிக்கவேண்டும். எப்படிக் கழித்தாலும், ஹப்ஷிகளின் கட்சி இந்த மண்ணில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தது என்பது மிஞ்சும். அவர்கள் அதிகாரத்துக்கு அடிபட்டவர்கள் மட்டுமல்ல, அதைக்கொண்டு மற்றவர்களை அடித்தவர்களும்தான்.

அடுத்த உறவு இன்னும் நெருக்கமானது. அகமதுநகரத்து நிஜாம் ஷாஹி அரசு, சிவாஜியின் பாட்டனார் மாலோஜி போன்ஸ்லேக்குப் புனே, சுபே பர்கணாக்களை ஜாகீராகக் கொடுத்தது. சிவநேரி, சாகண் கோட்டைகளின் பொறுப்பும் அவரிடம் வந்தது. சிவாஜி பிறந்தது சிவநேரியில். போன்ஸ்லே குடும்பத்தின் ஏற்றம் இந்த ஜாகீரிலிருந்துதான் தொடங்குகிறது. 1600இல் அக்பரின் படை அகமதுநகரத்தைப் பிடித்தபோது நிஜாம் ஷாஹி அரசின் கதை முடிந்திருக்கவேண்டும். முடியாமல் மேலும் கால் நூற்றாண்டு அதைத் தூக்கி நிறுத்தியவர் மலிக் அம்பர்.

1548 வாக்கில் எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதிலேயே விற்கப்பட்டு, பாக்தாத் உட்படப் பல சந்தைகளில் கைமாறி, 1570களில் அகமதுநகரத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். வாங்கியவர் நிஜாம் ஷாஹியின் பேஷ்வா செங்கிஸ் கான். அவரும் ஹப்ஷிதான். எஜமான் இறந்தபின் விடுதலையான அம்பர் சிறு குதிரைப்படை ஒன்றைச் சேர்த்தார். அது வளர்ந்து, ஒரு சுல்தானை அரியணையில் அமர்த்தித் தானே அரசை நடத்தும் அளவுக்கு வந்தார். 1610இல் அவர் அமைத்த கட்கி நகரம் பிறகு ஔரங்காபாத் ஆயிற்று, 2023இல் சத்ரபதி சம்பாஜிநகர் ஆயிற்று. பூமிக்கு அடியில் கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். நிலத்தை அளந்து, விளைச்சலைப் பார்த்து வரி போட்டார். பெரிய படையோடு நேருக்கு நேர் நிற்காமல், இரவில் பாய்ந்து, தானிய வண்டிகளை மறித்து, மலைக்குள் மறைந்துவிடும் போர்முறையில் மராட்டியக் குதிரைவீரர்களைப் பழக்கினார். பின்னாளில் சிவாஜியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கெரில்லா யுத்தத்துக்கு இதுதான் முன்பாடம்.

1624இல் அகமதுநகருக்கு அருகே பட்வடியில் மொகலாயப் படையும் பீஜப்பூர்ப் படையும் சேர்ந்து வந்தபோது, ஏரிக்கரையை உடைத்து எதிரி முகாமைச் சேறாக்கித் தோற்கடித்தார் அம்பர். அவர் பக்கம் நின்று போரிட்டவர்களில் ஒருவர் மாலோஜியின் மகன் ஷாஹாஜி. அவருடைய தம்பி ஷரீப்ஜி அந்தப் போரில்தான் மாண்டார். ஷாஹாஜி, ஷரீப்ஜி என்ற பெயர்களே ஷா ஷரீப் என்ற முஸ்லிம் பெரியவரின் நினைவாக வைக்கப்பட்டவை என்பது மராட்டிய மரபு. அந்த ஷாஹாஜியின் பெயர் கொண்ட பேரன் பிறகு தஞ்சாவூரில் அரசாண்டான். நாம் சகஜி என்று சொல்லும் அந்த மன்னன் இசை நாடகங்கள் எழுதியவன், 'பல்லகி சேவா பிரபந்தம்' அவனுடையது. ஹப்ஷித் தளபதியின் படையில் நின்றவரின் பேரன் காவிரிக்கரையில் உட்கார்ந்து பாட்டு நாடகம் எழுதியிருக்கிறான். சரித்திரத்துக்கு இப்படிச் சில வேடிக்கைகள் உண்டு.

அம்பரை வெல்ல முடியாத ஜஹாங்கீர், அபுல் ஹசன் என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் எழுதவைத்தார். உலக உருண்டைமேல் பாதுஷா நிற்கிறார். ஈட்டியில் செருகிய அம்பரின் கறுத்த தலைமேல் அம்பு விடுகிறார். இன்றைக்கு அந்தப் படம் டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. நிஜத்தில் அம்பர் 1626இல் முதுமையில் இறந்து குல்தாபாதில் அடக்கமானார். 2025 மார்ச்சில் அதே குல்தாபாதில் உள்ள ஔரங்கசீப்பின் கல்லறையை இடிக்கவேண்டும் என்று கிளர்ச்சி எழுந்தது. நாக்பூரில் கலவரமே மூண்டது. மொகலாயரைத் தடுத்து நிறுத்தியவரின் கல்லறையும் அதே ஊரில்தான் இருக்கிறது என்பதை அப்போது நினைவூட்டியவர்கள் மிகச் சிலர்.

இந்த மனிதரும் இவருடைய இனத்தாரும் வெகுஜன மேடையில் என்ன ஆனார்கள்? மேடைக்குத் தெரிந்த சித்திகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கடைசிவரை மராட்டியருக்குப் பணியாத ஜஞ்சிரா தீவுக் கோட்டையின் சித்திகள். 1948 வரை அது தனி சமஸ்தானம். இரண்டு, 1660இல் பன்ஹாளா கோட்டையில் சிவாஜியை முற்றுகையிட்ட பீஜப்பூர்த் தளபதி சித்தி ஜௌஹர். பாஜி பிரபுவின் தியாகத்தைச் சொல்லும் ஒவ்வொரு பாட்டுக்கும் நாடகத்துக்கும் 2022இல் வந்த 'பாவன்கிண்ட்' படத்துக்கும் ஒரு ஜௌஹர் தேவைப்படுகிறான். அவன் முரட்டுக் குரலில் பேசுவான். அவனுடைய நிறமே பாதி நடிப்பைச் செய்துவிடும். மலிக் அம்பர் வரவேண்டிய இடத்தில் கதை சட்டென்று சிவநேரிக்குத் தாவி, குழந்தை பிறந்துவிடும்.

இதற்கு வேறு உதாரணம் தேடித் தமிழர் தூரம் போகவேண்டியதில்லை. செஞ்சி தேசிங்கு ராஜன் கதைப்பாட்டில் ராஜபுத்திர அரசனுக்குச் சமமாக மோவுத்துக்காரன் நிற்கிறான். கலியாணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு வந்து சாகிறான். தெருக்கூத்தில் தேசிங்கு வந்தால் அவனும் வரவேண்டும். அவனை வெட்டிவிட்டால் கதையே நொண்டும். பாட்டுக் கட்டிய பெயர் தெரியாத மனிதருக்கு அந்த நியாயம் தெரிந்திருக்கிறது.

சித்திகளுக்கோ தங்கள் கதையைத் தாங்களே சொல்லவேண்டிய நிலைமை. அவர்களிடம் தாமிரப்பட்டயமோ வம்சாவளி ஏடோ கிடையாது. பாட்டும் ஆட்டமும் ஒரு தர்காவும்தான் உண்டு.

சாகணிலிருந்து வடக்கே குஜராத்தின் பரூச் மாவட்டத்தில், ரத்தன்பூரை ஒட்டிய ஒரு குன்றின்மேல் பாவா கோர் தர்கா இருக்கிறது. சுற்றிலும் அகேட் என்னும் மணிக்கல் எடுக்கும் பூமி. அந்தக் கல்லைப் பதப்படுத்தும் வித்தையைக் காட்டிக் கொடுத்த வணிகர் என்றும், ஹபஷ் நாட்டிலிருந்து வந்த மகான் என்றும் பாவா கோரைச் சொல்கிறார்கள். குஜராத்துச் சித்திகளுக்கு அவர்தான் மூதாதை. முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் பார்சிகளும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். பம்பாயிலும் அவர் பெயரில் ஒரு வழிபாட்டிடம் உண்டு.

தர்காவில் சொல்லும் கதை ஒரு முழு நாடகம். அந்தக் குன்றை மாக்கன் தேவி என்ற அரக்கி ஆண்டுகொண்டிருந்தாள். அவளை அடக்க ஹபஷிலிருந்து பாவா கோர் அனுப்பப்பட்டார். அவரால் முடியவில்லை. தம்பி பாவா ஹபஷ் வந்தார். அவராலும் முடியவில்லை. கடைசியில் தங்கை மாய் மிஸ்ரா புறப்பட்டு வந்து அரக்கியை ஒழித்தாள். அண்ணன்மார் இரண்டு பேர் தோற்ற இடத்தில் தங்கை ஜெயிக்கிற கதையைக் கேட்டால், அம்மன் கோயில் திருவிழாக்களில் வளர்ந்த தமிழர்கள் அந்நியமாக நினைக்கமாட்டார்கள். மாய் மிஸ்ராவின் பெயரில் ஒரு தாளக்கருவியே இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டைக்குள் கற்களைப் போட்டுத் துணியால் மூடியது. பெண்கள் அதைக் குலுக்கிக்கொண்டு பாடுகிறார்கள். காலூன்றி நிற்கும் பெரிய மத்தளத்துக்கு முகர்மான் என்று பெயர். ஒற்றை நரம்பு கட்டிய வில்லில் சுரைக்குடுக்கையைப் பொருத்திய மலுங்கா என்ற கருவியைப் பார்த்தால் ஆப்பிரிக்காவின் எந்தப் பகுதிக்காரரும் அடையாளம் கண்டுகொள்வார்.

இந்த ஆட்டத்துக்குக் கோமா என்றும் தமால் என்றும் பெயர். கோமா என்பது சுவாஹிலி மொழியின் 'ங்கோமா'. மத்தளம், ஆட்டம் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். பாட்டில் அரபி உண்டு, இந்துஸ்தானி உண்டு, குஜராத்தி உண்டு. நடுநடுவே பாடுகிறவருக்கே அர்த்தம் தெரியாத சொற்கள் வரும். அவை பிறந்த மண்ணின் மிச்சங்கள். அர்த்தம் போன பிறகும் அவர்கள் அவற்றை மாற்றவில்லை. மந்திரத்தை மாற்றலாமா என்று நம் வீட்டுப் பாட்டிமார் பயந்ததைப் போன்ற ஒரு பயம்தான் அதற்குக் காரணம். ஹெலேன் பாசு என்ற ஜெர்மன் மானிடவியலாளரும், ஏமி கேட்லின், நசீர் ஜைரஸ்பாய் என்ற இசை ஆய்வாளர்களும் இந்த மரபைப் பல ஆண்டுகள் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள்.

தர்காவில் ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். மத்தளம் ஏற ஏற ஆட்டக்காரர்கள் வட்டமாக நெருங்குவார்கள். சிலருக்கு ஹால் என்னும் ஆவேசம் வரும். நாகூரில் பக்கீர்களின் ரிபாயி ராத்திபு பார்த்தவர்களுக்கு இந்த ஏற்றம் பழக்கமானது. இங்கே பார்வையாளர் என்று ஒருவர் கிடையாது. கேட்பவர் பாவா கோர், அவரைக் கேட்கவைப்பவர்கள் சித்திகள். சந்தையில் விற்கப்பட்டுக் குடும்பம், மொழி, பெயர் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி, ஒரு தங்கை என்று குடும்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது அந்த ராத்திரி.

இதே கோமா கிர் காட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வடிவில் நடக்கிறது. சிங்கம் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓட்டல் முற்றத்தில் ஆடுகிறார்கள். இடுப்பில் மயிலிறகுப் பாவாடை, முகத்தில் வண்ணக்கோடு. தேங்காயை மேலே எறிந்து தலையால் உடைக்கும்போது கைதட்டல் வானத்தைப் பிளக்கும். ஆப்பிரிக்கப் பழங்குடி நடனம் என்று அறிவிப்பாளர் சொல்வார். பாவா கோர் பெயர் வராது, மாய் மிஸ்ரா பெயரும் வராது. பயணிகள் பார்க்கவந்தது காட்டுமிராண்டி என்ற கற்பனையை. அதைக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இதைக் குறை சொல்வது சுலபம். நிலமில்லாத ஒரு சமூகத்துக்கு இந்த ஆட்டம் சோறு போடுகிறது. 2000க்குப் பிறகு சிதி கோமா என்ற பெயரில் ஒரு குழு பல வெளிநாட்டு மேடைகளுக்குப் போயிற்று. தங்களைப் போன்ற முகங்களைக் கடல்கடந்து பார்த்த அனுபவமும், ஊர் திரும்பியபோது கிடைத்த மதிப்பும் சாதாரணமானவை அல்ல. சாமிக்கு ஆடுவதை விலைக்கு ஆடலாமா என்ற கேள்வி சித்திகளுக்கு மட்டும் வந்ததும் அல்ல. 1871இல் அமெரிக்காவின் ஃபிஸ்க் கல்லூரிக் கறுப்பு மாணவர்கள் கல்லூரியைக் காப்பாற்றப் பாடகர் குழுவாகப் புறப்பட்டார்கள். தங்கள் பெற்றோர் அடிமைக் குடிசைகளில் பாடிய பக்திப் பாடல்களை மேடையேற்ற அவர்கள் முதலில் கூசினார்கள். அவை ஜெபங்கள், கச்சேரிக்கு உரியவை அல்ல என்று நினைத்தார்கள். பிறகு பாடினார்கள். விக்டோரியா ராணியே கேட்டார். அதே காலத்தில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்யும் கூத்துகள் அமெரிக்காவில் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கூத்து வேண்டாம், எங்கள் பாட்டை எங்கள் வாயால் கேளுங்கள் என்று ஃபிஸ்க் மாணவர்களால் சொல்ல முடிந்தது. கிர் ஓட்டல் முற்றத்தில் ஆடுபவரால் சொல்ல முடியவில்லை. ஜெபம் மேடைக்குப் போகலாம். யாருடைய ஜெபம் என்று சொல்லும் உரிமையும் ஆடுபவருக்குக் கிடைக்கவேண்டும்.

அந்த உரிமையை நாடக மேடை கொடுத்த ஒரு சம்பவம் கர்நாடகத்தில் நடந்தது. உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாபூர், ஹளியாள், அங்கோலா காடுகளில் வாழும் சித்திகளின் முன்னோர்களில் பலர் போர்ச்சுகீசியரின் கோவாவிலிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களில் இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு, கத்தோலிக்கர்களும் உண்டு. சாமி வேறாக இருந்தாலும் டமாமி மத்தளம் ஒன்று, மூதாதை வழிபாடு ஒன்று. 1980களில் ஹெக்கோடு நீநாசம் நாடகக்காரர்கள் மஞ்சிகேரிக்குப் போய் இந்த மக்களோடு தங்கி வேலை செய்தார்கள். நீநாசத்தின் சிற்பி கே.வி. சுப்பண்ணாவுக்கு 1991இல் மகசேசே விருது கிடைத்தது. விருதுக்கு முந்தைய இந்தக் காட்டு வேலை அதிகம் பேசப்படவில்லை. அங்கே சித்திகளைக் கொண்டு அவர்கள் மேடையேற்றியது சினுவா அச்சிபியின் நைஜீரிய நாவல். 1998இல் என்.கே. மகாலிங்கம் 'சிதைவுகள்' என்று தமிழாக்கிய அதே நாவல்தான்.

நைஜீரியாவுக்கும் உத்தர கன்னடச் சித்திகளுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது. அவர்களின் மூதாதையர் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையையும் தென்கிழக்குக் கரையையும் சேர்ந்தவர்கள். பண்டிதர்கள் இதைச் சொல்லி ஆட்சேபிக்கலாம். ஆனால் புதிய மதமும் புதிய சட்டமும் வந்து ஒரு கிராமம் பிளந்துபோகும் கதை, மூன்று மதங்களாகப் பிரிந்து கிடந்த மக்களுக்கு அந்நியமாகப்படாது. வேடத்துக்காக அவர்கள் முகத்தில் மை பூசவேண்டியிருக்கவில்லை. எந்த நிறத்துக்காகச் சந்தையில் கேலிக்கு ஆளானார்களோ அதே நிறம் மேடையில் கதாநாயகனின் நிறமாயிற்று. இந்த நாடகச் சூழலில் வளர்ந்தவர்களில் கிரிஜா சித்தி மேடை நடிகையாகவும் பாடகியாகவும், பிரசாந்த் சித்தி கன்னட சினிமா நடிகராகவும் பெயரெடுத்தார்கள். 2003இல் அந்த மாவட்டத்துச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். நாடகத்தால்தான் அது நடந்தது என்று சொன்னால் மிகை. ஒரு மக்கள் கூட்டம் நாங்கள் யார் என்று உரக்கச் சொல்லப் பழகியதற்கு நாடகமும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

இலங்கையில் புத்தளத்துக்கு அருகே சிராம்பையடியிலும் இப்படி ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. கத்தோலிக்கர்கள். ஊரார் காப்பிரிகள் என்பார்கள். வீட்டில் சிங்களம் பேசுகிறவர்கள் மாஞ்ச பாட்டுக்கு மட்டும் போர்ச்சுகீசியக் கலப்புமொழிக்குத் திரும்புவார்கள். அங்கேயும் மொழி செத்து இசை பிழைத்திருக்கிறது.

இத்தனை இருந்தும் சாகணிலும் புனேயிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. குஜராத்தில் பக்தி இருக்கிறது, அரசியல் சரித்திரம் இல்லை. கர்நாடகத்தில் நாடகம் இருக்கிறது, அதற்குக் கதை நைஜீரியாவிலிருந்து வந்தது. அரசியல் சரித்திரம் முழுக்க மராட்டிய மண்ணில் கிடக்கிறது. அதைப் பாடுவதற்குப் பொவாடாவும் தமாஷாவும் ஜல்சாவும் தயாராக இருக்கின்றன. 2013இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையம் இந்தியாவின் ஆப்பிரிக்கர்களைப் பற்றி ஒரு கண்காட்சி தயாரித்தது. அடுத்த ஆண்டு அது தில்லிக்கும் வந்தது. கண்காட்சிப் பலகையைப் படிப்பவர் எத்தனை பேர்? ஒரு நல்ல சாகிர் ஒரே ராத்திரியில் ஓர் ஊருக்கே அதைச் சொல்லிவிடுவார்.

ஒன்று கவனிக்கவேண்டும். வில்லனை அப்படியே திருப்பிப் போட்டுக் கதாநாயகன் ஆக்கினால் இன்னொரு மைதான நாடகம்தான் கிடைக்கும். மலிக் அம்பர் விடுதலைப் போராளி அல்லர். அடிமை முறையால் வளர்ந்த அரசவையில் அடிமையாக நுழைந்து அதன் உச்சிக்குப் போனவர், அந்த முறையை ஒழித்தவர் அல்லர். சாகண் விருந்தில் கத்தி உருவிய கட்சியிலும் ஹப்ஷிகள் இருந்தார்கள். இதையெல்லாம் மறைக்கிற பாட்டு யாருக்கும் வேண்டாம். மாய் மிஸ்ராவின் கதையைக் கட்டியவர்கள் தங்கள் மகானே தோற்றார் என்று சொல்லத் தயங்கவில்லை. அந்தத் துணிச்சல் பொவாடாவுக்கும் ஆகும்.

காட்சிக்குப் பஞ்சமில்லை. 1660 ஜூலை மாதத்தையே எடுத்துக்கொள்ளலாம். மழை கொட்டுகிறது. சாகணில் பிரங்கோஜி மதிலுக்குள், வெளியே சாயிஸ்தா கான். அதே மழையில் தெற்கே பன்ஹாளாவில் சிவாஜி மதிலுக்குள், வெளியே சித்தி ஜௌஹர். முற்றுகையை உடைக்க சிவாஜியின் தளபதி நேதாஜி பால்கர் வருகிறார். அவரோடு குதிரையில் வருகிறவர் சித்தி ஹிலால். அவரும் ஹப்ஷி, ஆனால் சிவாஜியின் படையில் இருப்பவர். அவருடைய மகன் வாஹ்வாஹும் கூட வருகிறான். சண்டை நடக்கிறது. முற்றுகை உடையவில்லை. காயம்பட்டு விழுந்த மகனை எதிரிகள் தூக்கிச் செல்கிறார்கள். தகப்பன் பின்வாங்கவேண்டியிருக்கிறது. மகன் கொண்டுபோகப்படும் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கும் தளபதியும் ஒரு சித்தி.